கையெழுத்துப் போட்ட சாம்பிள்

வேப்பம்பட்டில் சொர்ணத்தின் அம்மா களை பிடுங்கிய நிலமெல்லாம் கல் நட்டு மனையாகிவிட்டது. சொர்ணம் ரயிலேறி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் சட்டைக் கம்பெனிக்கு வந்து பிசிறு வெட்டத் தொடங்கினாள். தைத்து முடித்த சட்டையில் துருத்திக்கொண்டு நிற்கும் நூலைக் கத்தரித்துவிடுகிற வேலை. ஒரு நாளைக்கு முந்நூறு சட்டை. அத்தனையும் ஜெர்மனிக்குப் போகும்.

"அந்த ஊர்ல எல்லாருக்குமா இம்மாம் பெரிய தோளு?" என்று கேட்பாள், பக்கத்தில் உட்கார்ந்து சட்டை சரிபார்க்கும் ஜமீலாவிடம்.

"உன்ன மாரி கஞ்சித் தண்ணி குட்ச்சிட்டா வேலைக்கு வருவாங்க?" என்பாள் ஜமீலா. பத்தாவது வரை படித்தவள். அந்த வரிசைக்கே அவள்தான் இங்கிலீஷ்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஆடி மாதம் சொர்ணத்துக்கு ஒரு சிக்கல் வந்தது. புருஷன் கன்னியப்பன் லாரியோடு போனால் பதினைந்து நாள் கழித்துத்தான் முகம் காட்டுவான். இரண்டரை வயது மகள் கஸ்தூரியை அடுத்த வீட்டு முனியம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முனியம்மா ஒரு காலையில் முகமெல்லாம் பல்லாக வந்து நின்றாள்.

"திங்கக்கெழமலேர்ந்து நானும் எக்ஸ்போர்ட்டு போறேண்டி. பட்டன் தைக்க. டிபன் பாக்ஸ்கூட வாங்கிட்டேன்."

சொர்ணத்தால் திட்டவும் முடியவில்லை. அவளுக்கு அந்த ஆசையை ஊட்டியதே இவள்தான். இனி பிள்ளையை எங்கே விடுவது? மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால் கம்பெனியில் சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

கம்பெனியில் பிள்ளைகளுக்கென்று ஓர் அறை இல்லாமல் இல்லை. கதவில் 'குழந்தைகள் காப்பகம்' என்று பலகைகூட மாட்டியிருந்தது. உள்ளே கூரை வரைக்கும் ரிஜெக்ட் ஆன சட்டை மூட்டைகள் குடியிருந்தன.

அந்த வாரம்தான் சூப்பர்வைசர் பரந்தாமன் எல்லாரையும் நிறுத்திச் சொன்னார்: "வெள்ளிக்கெழம நம்ம சரக்க வாங்குற பையர் வர்றாங்க, ஜெர்மனிலேர்ந்து. இந்தவாட்டி சட்டைய மட்டும் இல்ல, கக்கூஸ் வரைக்கும் பாப்பாங்களாம். அவங்க ஊர்ல ஜனங்க கேக்குதாம், இத்த யாரு தச்சது, எப்டி கீறாங்கன்னு."

இரண்டே நாளில் அதிசயங்கள் நடந்தன. குழாயில் தண்ணீர் வந்தது. அதன் பக்கத்தில் சோப்பு வந்தது. மூட்டைகள் காப்பகத்தைக் காலி செய்துகொண்டு போக, சுவரில் மஞ்சள் பெயின்டும் ஒரு முயலும் ஏறின. பிள்ளைகள்தான் பாக்கி.

"யார் ஊட்ல சின்னப் புள்ள கீது? ஒரே ஒரு நாளு இட்டாந்தா போதும். பிஸ்கட் உண்டு" என்றார் பரந்தாமன்.

சொர்ணத்தின் கைதான் முதலில் உயர்ந்தது. அந்த 'ஒரே ஒரு நாளு' மட்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

கம்பெனியில் ஒரு வேதம் உண்டு. பையர் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்ட சட்டைதான் சாம்பிள். அது கண்ணாடி அலமாரியில் தொங்கும். "கையெழுத்துப் போட்டதுல ஒரு பட்டனை மாத்தினாலும் மொத்த சரக்கும் திரும்பி வரும்" என்று மேனேஜர் சண்முகசுந்தரம் தினமும் காலையில் ஓதுவார். அதைக் கேட்டுக் கேட்டுச் சொர்ணத்துக்கு மனப்பாடம்.

வெள்ளிக்கிழமை வந்த பையர் ஒரு வெள்ளைக்காரம்மா. சட்டை அளக்கும் டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டிருந்தாள். காப்பகத்தில் ஏழு பிள்ளைகள். அதில் இரண்டு பரந்தாமனின் தெருவிலிருந்து கேட்டு வாங்கிவந்தவை. கஸ்தூரி நேரே போய் டேப்பைப் பிடித்து இழுத்தாள். அந்தம்மா சிரித்துக்கொண்டே மண்டிபோட்டு, அவளைச் சுவரோரம் நிறுத்தி அளந்தாள். எண்பத்தி நாலு சென்டிமீட்டர். இவர்கள் எல்லாம் தினமும் வருகிறார்களா என்று கேட்டாள்.

"டெய்லி மேடம், டெய்லி" என்றார் சண்முகசுந்தரம்.

வாசலில் நின்ற சொர்ணம் சட்டென்று உள்ளே நுழைந்தாள். மகளின் உச்சந்தலைக்கு நேராகச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு கிழித்து, பென்சிலை அந்தம்மாவிடமே நீட்டினாள். பின்னால் நின்ற ஜமீலா, "சாம்பிள் மேடம். சைன் ப்ளீஸ்" என்றாள்.

அந்தம்மா வாய்விட்டுச் சிரித்தாள். கோட்டுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினாள். கஸ்தூரியின் பெயரைக் கேட்டுத் தன் நோட்டில் குறித்துக்கொண்டாள். அடுத்த முறை எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று பார்ப்பேன், எப்போது வருவேன் என்று மட்டும் சொல்லமாட்டேன் என்றாள். மேனேஜரும் சிரித்தார், பல்லால் மட்டும். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கச் சொல்லி ஒரு வருஷமாக நடந்தும் ஏறாத பிள்ளை, ஜெர்மனி நோட்டில் ஒரு நிமிஷத்தில் ஏறிவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை. இடுப்பில் பிள்ளையோடு வந்தவளை கேட்டிலேயே மறித்தார் பரந்தாமன்.

"இன்னா சொர்ணம், கூத்து நேத்தே முட்ஞ்சிபோச்சி. எதுக்கு இத்த தூக்கினு வந்துகீற?"

"சாம்பிள் சார். ஊட்ல வுட்டு ஒன்னு ஆச்சின்னா கம்பெனிக்குத்தான பேஜாரு?"

"செவுத்துல இன்னொருவாட்டி பெயின்ட் அட்ச்சா தீந்துது."

"அடிங்க சார். அந்தம்மா நோட்டுல கீதே, அங்க யாரு போயி அடிப்பா?"

"வேற புள்ளய நிக்க வெப்போம்."

"வைங்க. இதுக்குக் கன்னத்துல மச்சம் கீது. அத்த எந்த மெஷின்ல தைப்பீங்க?"

சத்தம் கேட்டு வந்த சண்முகசுந்தரம் காப்பகத்துக்குப் போனார். குனிந்து கோட்டையும் பக்கத்திலிருந்த கையெழுத்தையும் பார்த்தார். பதினோரு வருஷமாக அந்த மாதிரிக் கையெழுத்துக்காக மூன்று வேளையும் ஓடியவர். அதை அழிக்க அவருக்குக் கை வரவில்லை.

திரும்பி வந்து, "உள்ளே விடு" என்றார் பரந்தாமனிடம். "ஒரு குழந்தையை மட்டும் தனியா வெச்சிருந்தா சந்தேகம் வராதா சார்?" என்றாள் ஜமீலா, யாரும் கேட்காமலே. தீபாவளிக்குள் ஒன்பது பிள்ளைகள் சேர்ந்துவிட்டன. ரிஜெக்ட் மூட்டைகளுக்கு வேறு இடம் இல்லாமல் மேனேஜர் அறையில், அவர் நாற்காலிக்குப் பின்னால் அடுக்கினார்கள்.

அளவு கூடினால் தள்ளிவிடும் கம்பெனியில், அளவு கூடியே ஆகவேண்டிய ஒரே உருப்படி கஸ்தூரி. சனிக்கிழமைதோறும் பரந்தாமன் டேப்போடு வந்து அவளைச் சுவரில் நிறுத்துவார். ஒரு வாரம் கோட்டையும் தலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நேரே பிசிறு மேசைக்கு வந்தார்.

"இன்னா சொர்ணம், ஒரு நூல்கூட ஏறலியே. ஊட்ல சோறு போட்றியா இல்லியா?"

"போட்றேன் சார். மத்தியானத்துக்குப் பாலு ஒரு டம்ளர் நீங்க குட்த்தீங்கன்னா நல்லா ஏறும்" என்றாள் சொர்ணம், கத்திரியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திங்கட்கிழமை ஒன்பது டம்ளர் பால் வந்தது.