லூவீனியா வெறுங்காலோடு வந்தாளா?

சிகாகோவின் தெற்குப் பக்கத்தில் வெர்னெல் பெட்டிக்ரூவைத் தெரியாதவர்கள் குறைவு. எழுபத்தொன்பதாம் தெருவில் கிழக்கும் மேற்குமாகப் பஸ் ஓட்டுகிறவள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது; கனத்த உடம்பு, கணீரென்ற குரல். ஜனவரிப் பனியில் பஸ் சறுக்கியபோதுகூட, "பிடிச்சுக்குங்க மக்களே, நம்ம வண்டி இப்ப டான்ஸ் ஆடப்போகுது" என்று சொல்லிக்கொண்டே ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தியவள். கத்தியைக் காட்டிக்கொண்டு ஏறிய ஒருவனை, "மொதல்ல டிக்கெட் எடு, அப்புறம் மிரட்டு" என்று அதட்டினாளாம். அவனும் எடுத்தானாம்.

அப்பேர்ப்பட்டவள் உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் நடுங்குவாள். பெற்ற தாய் ஓசெல்லாவுக்கு.

ஓசெல்லா ஆள் என்னவோ குள்ளம்தான். எண்பது வயதைக் கடந்தவள். ஞாயிறுதோறும் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு தேவாலய வாசலில் நின்று, வருகிறவர்களை எந்தப் பெஞ்சில் உட்காரவைப்பது என்று முடிவு செய்கிறவள். சபையில் அவளை 'மதர்' என்றுதான் அழைப்பார்கள். நேரம் போவது தெரியாமல் பிரசங்கம் செய்த ஒரு போதகரை அவள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். மனிதர் ஆமென் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டார். அவள் முறைத்தால் மிச்சிகன் ஏரி இரண்டடி பின்வாங்கிவிட்டுத்தான் மறுபடி கரைக்கு வரும். பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

இந்தத் தாய்க்குத் தெரியாமல் வெர்னெல் பல வருஷமாக ஒரு காரியம் செய்துவந்தாள். மாதத்தின் முதல் ஞாயிறு, தேவாலயம் முடிந்து அம்மா கண்ணயர்ந்ததும், "ஓவர்டைம்" என்று சொல்லிவிட்டு ரோஸ்கோவின் முடிதிருத்தும் கடைக்குப் போய்விடுவாள். அன்று கடைக்கு விடுமுறை. நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு, கண்ணாடிச் சுவரின் முன்னால் ஒரு மைக்கை நட்டுவைப்பான் ரோஸ்கோ. ஊரிலுள்ள கறுப்பர்கள் தங்கள் வாழ்வையும் வந்த வழியையும் கவிதையாக நின்று சொல்லும் இடம் அது. எழுதிக்கொண்டுவந்து படித்தால் மதிப்பில்லை. வாயாலும் உடம்பாலும் சொல்லவேண்டும். கேட்கிறவர்களும் வாயை மூடிக்கொண்டு கேட்கமாட்டார்கள். பிடித்தால் விரல் சொடுக்கி, "சொல்லு! அப்படிச் சொல்லு!" என்பார்கள். தடுமாறினால், "நிதானமா, கண்ணு, நிதானமா" என்பார்கள். கேட்க ஆறுதல்போல இருக்கும். மேடையில் நிற்பவர் காதில் அது சங்கு ஊதுகிற சத்தம்.

வெர்னெல் அந்தச் சொல்லை ஒருநாளும் கேட்டதில்லை. காரணம், தன் பாட்டி லூவீனியாவைப் பற்றி அவள் கட்டிய கவிதை. மிசிசிப்பியின் பருத்திக்காட்டை விட்டு லூவீனியா சிகாகோவுக்கு வந்த கதை. ஒவ்வொரு பகுதியும் 'வெறுங்காலோடு' என்று முடியும். அந்தச் சொல்லைக் கூட்டமே சேர்ந்து கூவும். பாட்டி எப்படி வந்தாள் என்று வெர்னெலுக்கு யாரும் சொன்னதில்லை. சிவப்பு விளக்கில் பஸ்ஸை நிறுத்தியிருந்தபோது தாளத்துக்கு அந்தச் சொல் வந்து விழுந்தது, பொறுக்கிக்கொண்டாள்.

வெடி வைத்தவள் குளோடெட், தலை அலங்காரம் செய்கிறவள். ஓசெல்லாவின் தலைமுடியைச் சூட்டுச் சீப்பால் நீவிக்கொண்டே, "உங்கம்மா பட்ட பாட்டை வெர்னெல் மேடையில சொல்றப்போ நான் தேம்பித் தேம்பி அழுதுட்டேன், மதர்" என்றாள்.

அன்று மாலை வெர்னெல் வீட்டுக்குள் நுழைந்தபோது, ஓசெல்லா சமையலறை மேஜையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஓவர்டைம் எல்லாம் எப்படிப் போகுது?"

"ம்... நல்லா போகுதும்மா."

"எங்கம்மாவைப் பத்தி மைக்குல பேசறதுக்கு இப்பல்லாம் பஸ் கம்பெனி சம்பளம் குடுக்குதா?"

வெர்னெல் கழற்றிய கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"வர்ற ஞாயித்துக்கெழமை நானும் வர்றேன்" என்றாள் ஓசெல்லா. "நீ என்ன சொல்றேன்னு கேக்கறேன்."

அந்த வாரம் எழுபத்தொன்பதாம் தெரு பட்ட பாட்டை என்ன சொல்ல! வெர்னெல் நிறுத்தங்களைத் தாண்டித் தாண்டிப் போனாள். "ஏ அக்கா, எங்களை நேரா சொர்க்கத்துக்கே கூட்டிட்டுப் போறியா? நான் மளிகைக் கடையில எறங்கணும்!" என்று ஒருத்தி கத்தினாள். வெர்னெலுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால், உன் பாட்டியை வைத்துப் பொய் விற்றாயா என்பாள். சொல்லாவிட்டால், அத்தனை பேர் நடுவில் கேட்பாள். அதற்குப் பிறகு அந்த மைக்கின் பக்கம் போக முடியுமா? அம்மா முகத்தில்தான் விழிக்க முடியுமா?

சனிக்கிழமை ரோஸ்கோவிடம் ஓடினாள். "நாளைக்கு என்னை விட்டுடு. தொண்டை கட்டியிருக்கு."

"நல்லாத்தானே பேசற?"

"எங்கம்மா வருது, ரோஸ்கோ."

சவரக்கத்தி அவன் கையில் அப்படியே நின்றது. நாற்காலியில் சோப்பு நுரையோடு இருந்த ஆள், "மதரா? அப்ப நானும் வர்றேன்" என்றார். இரவுக்குள் விஷயம் தெரு முழுக்கப் பரவிவிட்டது.

ஞாயிறன்று கடையில் நிற்க இடமில்லை. ஓசெல்லா ஊதா நிறத் தொப்பியும் வெள்ளைக் கையுறையுமாக முன்வரிசை நடுவில் உட்கார்ந்தாள். வெர்னெல் மைக்கின் முன்னால் வந்து நின்றாள். நேரே பார்த்தால் அம்மா. பார்வையைத் திருப்பினால் பக்கக் கண்ணாடியில் அம்மா. இந்தப் பக்கம் திரும்பினால் கண்ணாடிக்குள் கண்ணாடியாக, ஊதாத் தொப்பி போட்ட ஒரு பட்டாளமே உட்கார்ந்திருந்தது.

"இன்னிக்குப் பனியைப் பத்திப் புதுசா ஒண்ணு..." என்று ஆரம்பித்தாள்.

"பனியை நாங்க வாசல்ல பாத்துக்கறோம்! லூவீனியாவைக் கொண்டா!" என்றது பின்வரிசை. "லூவீனியா! லூவீனியா!" என்று காலால் தரையைத் தட்டினார்கள்.

வேறு வழியில்லை. அந்தச் சொல்லை மட்டும் விழுங்கிவிடுவோம் என்று துணிந்தாள்.

"மிசிசிப்பி மண்ணைத் தட்டிவிட்டு
மிச்சம் எல்லாம் விட்டுவிட்டு
விடியும் முன்னே நடந்து வந்தாள்..."

இங்கே நிறுத்திக்கொண்டாள். அவள் நிறுத்தினால் என்ன? இத்தனை வருஷம் பழகிய கூட்டம் ஒரே குரலில் முழங்கியது: "வெறுங்காலோடு!"

தொப்பி அசைந்தது. அத்தனை கண்ணாடியிலும் அசைந்தது.

"பருத்தி முள்ளு பாதம் தைக்க
பாதை எல்லாம்... பாதை எல்லாம்..."

அடுத்த வரி வரவில்லை. யாரோ ஒரு பெண் மெதுவாக, "நிதானமா, கண்ணு" என்றாள். வெர்னெல் காதில் சங்கு ஊதிவிட்டது.

"நிறுத்து!" என்று ஓசெல்லா எழுந்தாள். அந்தக் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை. "எங்கம்மா வெறுங்காலோட வந்தான்னு உனக்கு யாருடி சொன்னது?"

"அது... கவிதைம்மா."

"கவிதைன்னா என்னைப் பெத்தவ கால்ல இருக்கற ஷூவைக் கழட்டிடுவியா?"

"ஓ...!" என்றது கூட்டம்.

"ரயில்ல வந்தாடி உங்க பாட்டி! நடந்து வரலை. வெள்ளைக்காரங்க சாப்பிடற ரயில்பெட்டிக்குள்ள நம்மளை விடமாட்டான்னு, பொரிச்ச கோழியை ஷூ பெட்டியில வெச்சுக் கட்டிக்கிட்டு வந்தா. கோழி ஷூ பெட்டியில இருந்தா, ஷூ எங்க இருந்திருக்கும்? கால்லதானே!"

"சொல்லுங்க மதர்! அப்படிச் சொல்லுங்க!" விரல்கள் சொடுக்கின.

ஓசெல்லா நடந்து வந்து மகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். "வெறுங்கால்னா கேக்கறவனுக்குக் கண்ணீர் வரும். எனக்குத் தெரியாதா? எங்கம்மா யாரோட கண்ணீருக்கும் காத்துக்கிட்டு நிக்கலை. ரெண்டு பருத்திக் காலம் குனிஞ்சு நிமிந்து வாங்கின ஷூ அது. கருநீலம். குதிகால் வெச்சது. கறுப்பங்க கால் பட்ட ஷூவை வேற யாரும் வாங்கமாட்டாங்கன்னு, கடையில போட்டுப் பாக்க விடமாட்டான். கண்ணளவாலதான் வாங்கணும். வீட்டுக்கு வந்து போட்டா, ஒரு அளவு சின்னது. திருப்பிக் குடுக்க முடியுமா? அதையே மாட்டிக்கிட்டு ரயிலேறினா. வழியில காலு வீங்கிப்போச்சு. வலி பொறுக்காம கழட்டினா. அப்புறம்..."

சட்டென்று நின்றாள். தன் கதை எங்கே வந்து நிற்கிறது என்று அவளுக்கே அப்போதுதான் புரிந்தது. அம்மா கையுறையை இழுத்து இழுத்துச் சரிசெய்வதை வெர்னெல் பார்த்தாள். தன் பயம் போதாதென்று இப்போது அம்மாவுக்காகவும் பயந்தாள்.

"நிதானமா சொல்லுங்க, மதர்" என்றான் ரோஸ்கோ.

"அப்புறம் கால்ல ஏறலை."

பின்வரிசையில் ஒரு வாய் அடங்காமல் கேட்டது: "அப்ப சிகாகோ ஸ்டேஷன்ல எறங்கறப்போ... வெறுங்காலோடயா?"

வெர்னெல் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். 'பாத்தீங்களாம்மா' என்று ஒரு சொல் தொண்டைவரை வந்தது. கடித்து விழுங்கினாள்.

"கையில ஷூவோட!" என்று ஓசெல்லா முழங்கினாள். வெள்ளைக் கையுறைகள் இரண்டும் தொப்பிக்கு மேலே போயின. "இப்படி! ரெண்டையும் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு எறங்கினா. எனக்கும் ஷூ இருக்கு, இந்த ஊரு பாத்துக்கட்டும்னு. கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்?"

கேட்டுக்கொண்டார்கள். கூச்சலில் ரோஸ்கோ கடையின் கூரை ஒரு சாண் எழும்பி மறுபடி உட்கார்ந்ததாகவும், அன்றிலிருந்துதான் மேற்கு மூலையில் ஒழுகுகிறது என்றும் அவன் இன்றைக்கும் கட்டிடச் சொந்தக்காரரிடம் வாதாடிக்கொண்டிருக்கிறான். வெர்னெல் வாயைத் திறந்தாள். கவிதையின் பாக்கிப் பாதி முழுக்க வெறுங்கால்தான். ஒரு வரியும் உதவாது. "அவ்வளவுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அம்மாவின் முழங்கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தாள்.

வீடு திரும்பும்போது வெர்னெல்தான் கார் ஓட்டினாள். தெருக்கள் ஒன்றொன்றாகப் பின்னால் போயின. வெர்னெல் ஓரக்கண்ணால் பார்த்தாள். அம்மா கையுறையை விரல் விரலாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். இதைவிட நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

"அம்மா... கோவமா?"

"அடுத்த கூட்டம் எப்போ?"

"அடுத்த மாசம். மொத ஞாயிறு."

"அந்த மைக்குக் கம்பியை எறக்கி வைக்கச் சொல்லு. எனக்கு எட்டலை."

விளக்கு பச்சையானது. வெர்னெல் கிளம்பவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

"என்னடி பாக்கற, வண்டியை எடு" என்றாள் ஓசெல்லா. "உங்க பெரிய மாமன் தாடியஸைப் பத்தி ஒரு விஷயம் இருக்கு. தேவாலயத்துல வெச்சுச் சொல்லமுடியாது. நீ முதல் பாதி சொல்லு, நான் வந்து திருத்தறேன்."

வெர்னெல் வண்டியை எடுத்தாள். அடுத்த மாதத்துக்கான பயம் அப்போதே வந்து பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது.