பாண்டிச்செல்வி மோந்து பார்த்த பிறகு

சட்டையைக் கழற்றி வேலியில் போடுகிறார் திருமலைச்சாமி. மலைக்கிராமமான கவுஞ்சியின் குளிரில் வெற்றுடம்போடு நின்று, அண்டாத் தண்ணீரில் முகம், கழுத்து, காது மடல் வரை சோப்புப் போடுகிறார். பற்கள் தந்தியடிக்கின்றன. துவைத்த சட்டையை மாட்டிக்கொண்டு மகளைக் கூப்பிடுகிறார். "ஏத்தா, வந்து மோந்து பாரு."

பாண்டிச்செல்விக்குப் பன்னிரண்டு வயது. "முடியில புகை வாசம் கெடக்குப்பா." மனிதர் மறுபடி அண்டாவுக்குப் போகிறார். உள்ளே தொட்டிலில் நாற்பது நாள் தம்பி. இவள் சரி என்றால்தான் அப்பா அவனைத் தூக்கலாம்.

மலைப்பூண்டைப் பற்றி எழுத வந்திருந்த என்னையும் விடவில்லை. பஸ் இறங்கியதும் ஒரு சிகரெட் பிடித்திருந்தேன். "கோவிச்சுக்கிறாதீங்க, நீங்களும் கழுவிருங்க" என்றார். மனதுக்குள் திட்டிக்கொண்டே கழுவினேன்.

மலைப்பூண்டைக் கட்டுக் கட்டாக அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகை போடுவது இங்கே வழக்கம். புகை ஏறிய பூண்டு மாதக்கணக்கில் அழுகாது. பாண்டிச்செல்வி பிறந்தபோது அந்தக் கட்டுகளுக்குக் கீழேதான் தொட்டில்.

"கதகதப்பா இருக்கட்டும்னு நானேதான் கட்டுனேங்க. பூண்டையே கெடாம வைக்கிற புகை, புள்ளையவா கெடுத்துரப்போகுதுன்னு நெனச்சேன்."

இப்போது அவள் புத்தகப் பையில் இன்ஹேலரும் பள்ளிக்கூடம் போகிறது. நாலு படி ஏறினால் மூச்சில் விசில் கேட்கிறது. பச்சைக் குழந்தையில் குடித்த புகையும் ஒரு காரணம் என்று நர்ஸம்மா சொன்ன நாளிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

மனைவி மறுபடி உண்டானதும் காட்டோரம் தகரக் கொட்டகை போட்டார். அடுப்பும் பூண்டும் அங்கே போய்விட்டன. வீட்டில் கேஸ்தான். 'பூண்டுக்குப் பங்களா கட்டிட்டான்' என்று ஊர் சிரிக்கிறது. "சிரிக்கட்டும்ங்க. நம்ம சோலிய நாம பாப்போம்" என்கிறார்.

மோந்து பார்க்க மனைவி இல்லையா என்று கேட்டேன். "புகைன்னா மகளுக்குத்தான் மொதல்ல தெரியுதுங்க" என்றவர் தலைக்கு மறுபடி சோப்புப் போட்டார்.

இரண்டாம் முறை கழுவிவிட்டு வந்து மகள் முன்னால் குனிந்தார். அவள் ஈரத் தலையில் மூக்கை வைத்து, நீளமாக இழுத்தாள். உள்ளே தம்பி அழத் தொடங்கினான்.

"சரியாப் போச்சு. வெரசா போய்த் தூக்குப்பா."

அவர் போகவில்லை. மகளை மெல்லத் திருப்பி, அவள் முதுகில் காதை வைத்து மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்.