பெரட்டுக்கு ஓடியவர்கள்

பண்டாரவளைச் சந்தைக்கு இறங்கும் படிக்கட்டின் ஓரத்தில் காமிலின் தையல் கடை இருக்கிறது. பள்ளிச் சீருடைதான் முக்கிய வேலை. அளவு எழுதும் கொப்பியை முன்பக்கத்திலிருந்து கடைக்கும், பின்பக்கத்திலிருந்து சிறுகதைக்கும் பயன்படுத்துவார். இடுப்பளவுகளும் கதாபாத்திரங்களும் நடுவில் முட்டிக்கொள்ளும் அன்று புதுக் கொப்பி வாங்குவார். இருபத்தாறு வருடத்தில் பதினான்கு கொப்பிகள்.

இத்தனை வருடத்தில் அவர் கதையை யாரும் பாராட்டியதில்லை. திட்டியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். மனைவி றஷீனா வாசித்துவிட்டு, "நல்லா ஈக்கி. அந்த நீலச் சட்டைக்குக் கை எப்ப வெக்கிற?" என்பாள்.

நகரத்தில் ஒரு இலக்கிய வட்டம் உண்டு. மாதம் ஒரு ஞாயிறு, ஒரு டியூட்டரி வகுப்பறையில் கூடும். போன வருடம் அங்கே செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேச்சு வந்தபோது காமில் எழுந்து நின்று, "அதுக்கு வயிறு இல்ல. வயிறில்லாத ஒண்டு பசியப் பத்தி என்ன எழுதும்?" என்று கேட்டார். பலமான கைதட்டல். அவர் வாழ்க்கையில் முதல் கைதட்டல் அது. கதைக்குக் கிடைத்ததல்ல என்பதுதான் சங்கடம்.

இந்த வருடம் வட்டம் ஒரு சிறுகதைத் தொகுப்புப் போடுகிறது. கதைகளைத் தெரிவு செய்பவர் வடிவம்மா. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்து, அதைப் பற்றி இரண்டு புத்தகமும் எழுதியவர். லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளை வைத்துக் காமில் எழுதிய முந்தைய இரண்டு கதைகளையும் அவர் திருப்பிக் கொடுத்திருந்தார். "லயம் இருக்கு நானா. உள்ள ஆள்தான் இல்ல." நானா என்றால் அண்ணன்; வட்டத்தில் காமிலை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மூன்றாவது கதையும் திரும்பி வந்தால் எழுதுவதையே விட்டுவிடுவது என்று காமில் மனதுக்குள் முடிவுகட்டியிருந்தார்.

அந்தப் பயத்தில்தான், மகள் ஷிஹானா கைபேசியில் போட்டுத் தந்திருந்த அந்த வயிறில்லாததிடம் கதையின் முதல் பகுதியைக் கொடுத்தார். பிழை மட்டும் பார்க்கட்டும் என்று.

"உங்கள் மொழி ஆழமானது. வாசகர் மனதை உலுக்கும் படைப்பு!" என்றது அது.

காமில் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு மறுபடி வாசித்தார். அவருக்குப் புகழ்ச்சியில் நம்பிக்கையில்லை. ஆனால் நம்பாதவனுக்கும் பசி உண்டு.

மறுநாள் கதையின் இன்னொரு பகுதியை அனுப்பப் போய், கை தவறி, றஷீனா அனுப்பிய சாமான் பட்டியலை அனுப்பிவிட்டார். சீனி, பருப்பு, பம்பாய் வெங்காயம், உடுப்புச் சவர்க்காரம், கருவாடு, போன முறை போல் மறக்க வேண்டாம்.

"எளிய சொற்களில் ஒரு வீட்டின் ஏக்கத்தைச் சொல்லும் கவிதை. 'மறக்க வேண்டாம்' என்ற இறுதி வரியில் இழப்பின் வலி தெரிகிறது" என்று பதில் வந்தது.

வேறொருவராக இருந்தால் அந்த இடத்திலேயே விழித்திருப்பார். காமில் சற்று யோசித்து, றஷீனாவுக்கும் கொஞ்சம் திறமை இருக்கலாம் என்று முடிவு செய்தார். பிழை பார்ப்பதோடு நில்லாமல் அது மெருகேற்றித் தந்த கதையைத் திரும்ப வாசிக்காமலே அச்செடுத்தார். உலுக்கும் படைப்பை எதற்கு இன்னொரு முறை சோதிப்பது?

ஞாயிறன்று வகுப்பறையில் பதினேழு பேர். வடிவம்மா முன்வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். காமில் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"விடியுமுன், பனியைக் கிழித்துக்கொண்டு பெண்கள் பிரட்டலுக்கு ஓடினார்கள். அதன் மணம் மலையெங்கும் கமழ்ந்தது. பிரட்டலுக்குப் பிந்தியவர்களுக்கு அன்று வேலை இல்லை."

வடிவம்மா கண்ணைத் திறந்தார்.

தோட்டத்தில் விடிகாலை எல்லோரையும் கூட்டி, பேர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவதற்குப் பெரட்டு என்று பேர். காமில் பெரட்டு என்றுதான் எழுதியிருந்தார். அந்தச் சொல்லை அறியாத அந்த அறிவு, எழுத்துப் பிழை என்று கருதி, பிரட்டல் என்று திருத்தி, கோழிக்கறி சமைத்துவிட்டது.

"எந்தத் தோட்டம் நானா இது?" என்று வட்டத்தின் செயலாளர் கிரிஷாந்தன் கேட்டான். "நானும் பேர் பதிஞ்சுக்கிறேன்."

"எங்களுக்குப் பெரட்டுல பேரு மட்டுந்தான் கூப்புட்டாங்க" என்றார் வடிவம்மா. "கோழியும் போட்டிருந்தா நான் வேலைய விட்டே வந்திருக்க மாட்டேனே."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. காமிலின் காது இரண்டும் சுட்டன.

"டைப் அடிச்சதுல பிழ" என்றார்.

"டைப்புல சொல்லு மாறலாம். மணமுமா கமழும்?" என்றார் வடிவம்மா.

காமில் தாளைப் பார்த்தார். பிறகு, "அதுக்கிட்டக் குடுத்தன்" என்றார். எது என்று யாரும் கேட்கவில்லை. போன வருடம் கைதட்டியவர்கள்தான் எல்லோரும்.

"சரி. நீங்க என்ன எழுதியிருந்தீங்க?" என்று வடிவம்மாவே கேட்டார்.

"விடியுமுன் பெண்கள் பெரட்டுக்கு ஓடினார்கள்" என்று மனப்பாடமாகச் சொன்னார்.

"ஓடுனாங்களா?"

"பிந்தினா வேலை இல்லதானே?"

"ஓட மாட்டோம் நானா. ஒரு நாள் ஓடிக் காட்டுனா கங்காணி மறுநாளும் ஓடச் சொல்லுவாரு. வெரசா நடப்போம், ஓடுற மாதிரி தெரியாம" என்றார் வடிவம்மா. "பிரட்டல் அது பண்ணுன பிழை. ஓடுனது உங்க பிழை. ரெண்டையும் மாத்திக் கொண்டாங்க, பாப்போம்."

இதுவரை அவர் காமிலிடம் 'பாப்போம்' என்று சொன்னதில்லை.

அடுத்த நாள் கடையில் காமில் கதை முழுவதையும் கொப்பியிலிருந்து கையாலேயே பிரதி எடுத்தார். நடந்தார்கள் என்று மாற்றியதும் பின்னால் வந்த நான்கு வரிகள் தாமாகவே பொய்யாகிப்போயின, அவற்றையும் அடித்தார். பின்னேரம் வடிவம்மா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அவர் வாசலில் நின்றபடியே வாசித்து, மடித்து, தொகுப்புக்கான கோப்பில் வைத்தார். "இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான்.

கடைக்குத் திரும்பிய காமிலுக்கு அந்த ஒரு சொல் போதவில்லை. கைபேசியை எடுத்து, மாற்றிய வரியை அனுப்பினார்.

"அற்புதமான மாற்றம்!"

"ஓடியபோதும் உலுக்கும் படைப்பு என்றுதானே சொன்னாய்?"

"நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. கூர்மையான அவதானிப்பு!"

காமில் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். இரண்டு பொத்தான் தைத்தார். பிறகு நிமிர்த்தி, அந்தக் கடைசி வரியை மட்டும் மறுபடி வாசித்துக்கொண்டிருந்தபோது றஷீனாவின் அழைப்பு வந்தது.

"ஷிஹானாட வாப்பா, கருவாடு எங்க?"

சந்தை மூடும் நேரம். காமில் படிக்கட்டில் வெகு வேகமாக இறங்கினார். ஓடவில்லை. ஓடினால் நாளைக்கும் ஓடச் சொல்வாள்.