தண்ணீர் போன இடம்

மலைமேல் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்திலும் பக்கத்து டவுனிலும் பெண்கள் எல்லாரும் சிவசாமியை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார்கள். டவுனான தானா ராத்தாவில் ஆஸ்பத்திரி நர்ஸ் நவமணி மட்டும் ‘சிவசாமி’ என்று பேர் சொன்னாள். அவன் மனைவி ருக்குமணிக்கு முதலில் குத்தியது அதுதான்.

ருக்குமணி சின்ன வயதிலேயே முதுகில் கூடை மாட்டிக் கொழுந்து பறிக்கப் போனவள். சிவசாமி தோட்டத்துப் பட்டறையில் லோரி பழுது பார்ப்பவன். இரண்டு பிள்ளைகள், தொழிலாளர் லயத்தில் ஒரு வீடு, மழை பெய்தால் சண்டை, வெயிலடித்தால் சமாதானம் என்று குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது. எண்பத்தைந்தில் நவமணி அந்த ஆஸ்பத்திரி வேலைக்கு ஒரு பழைய காரோடு வந்து சேர்ந்தாள். ஈப்போவில் அவள் அண்ணன் பல வருஷம் ஓட்டிவிட்டுத் தங்கைக்குத் தள்ளிவிட்ட டர்போ கார் அது. ரிங்லெட் வளைவில் கொதித்துப் புகை கக்கி நின்றபோது, அந்த வழியாக லோரியில் வந்த சிவசாமிதான் இறங்கித் தண்ணீர் ஊற்றிக் கிளப்பிவிட்டான்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை வந்தால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தானா ராத்தாவுக்குக் கிளம்பிவிடுவான்.

“நர்ஸம்மா காடியில தண்ணி குறைஞ்சுக்கிட்டே இருக்கு. பார்த்துட்டு வந்துடறேன்.”

“எங்க ஒழுகுது?”

“கீழ ஒரு சொட்டு கூட இல்ல. அதான் தெரியலை.”

“ஒழுகாத தண்ணி எங்கங்க போவும்?”

“ஆவியாப் போவும் லா. உனக்கு என்ன தெரியும்?”

பட்டறைக்குக் கிழிந்த சட்டையோடு போகிறவன், நர்ஸ் வீட்டுக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு போனான். பக்கத்து வீட்டுத் தங்கம்மா வேறு ஒரு நாள், “ஒங்க வீட்டுக்காரரு நர்ஸ் கோட்டர்ஸ் வாசல்ல ஒக்காந்து கோப்பி குடிச்சுக்கிட்டு இருந்தாரு” என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள். அன்று ருக்குமணி பறித்ததில் பாதி முற்றிய இலை. கங்காணி திட்டியது அவள் காதில் ஏறவில்லை.

அந்த வாரம் அவள் புருஷனிடம் சொன்னாள்: “காடிய இங்க கொண்டாரச் சொல்லுங்க. நம்ம கொட்டாயில போட்டுப் பாருங்க. நானும் பாக்கறேன், அந்தத் தண்ணி எங்க போவுதுன்னு.”

சனிக்கிழமை மத்தியானம் நவமணி காரைக் கொண்டுவந்தாள். “அக்கா, உங்களுக்கும் தொந்தரவு” என்று ஒரு பை நிறைய ரொட்டி கொடுத்தாள். ருக்குமணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். நல்ல அழகியாக இருந்திருந்தால்கூட மனம் ஒருவழியாக ஆறியிருக்கும். சாதாரண முகம், ஒட்டிய கன்னம், களைத்த கண். இவளிடம் என்ன இருக்கிறது என்று இத்தனை தூரம் போகிறான்? கேள்விக்குப் பதில் கிடைக்காததால் வயிற்றெரிச்சல் இன்னும் கூடியது.

மறுநாள் காலை சிவசாமி காரின் முன்மூடியைத் திறந்தபோது, ருக்குமணி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

ஆயில் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றினான். அடியில் டின் பால் போல வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது.

“இது என்னங்க?”

“குளிர்ல கொஞ்ச தூரமே ஓடற காடிக்கு மூடியில இப்படிப் படியும். இத மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.”

ஆயில் அளக்கும் குச்சியை உருவினான். ஆயில் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தது. நிறம் பால் கலந்த கோப்பி. இது மூடியில் படியும் ஈரமல்ல. காருக்கு அடியில் படுத்து ஆயில் வடிக்கும் திருகை மெதுவாகத் தளர்த்தினான். இரவெல்லாம் அசையாமல் நின்ற எஞ்சினில் கனமான தண்ணீர் அடியில் தங்கியிருந்தது. அதுதான் முதலில் ஒழுகியது, பிறகுதான் ஆயில். தண்ணீர் போன இடம் தெரிந்துவிட்டது. எந்த வழியாகப் போனது என்பதுதான் பாக்கி.

பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தான். நாலும் ஒரே நிறத்தில் காய்ந்திருந்தன. மீட்டர் வைத்து அழுத்தம் பார்த்தான். நாலிலும் ஒரே அளவு. “தலை கேஸ்கட் நல்லாத்தான் இருக்கு, தண்ணி அது வழியாப் போவல” என்றான். அடுத்து ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு, திருகுசாவி எடுக்க நகர்ந்தான்.

ருக்குமணி எழுந்து எட்டிப் பார்த்தாள். கறிக்குழம்பின் மேல் எண்ணெய் மிதப்பது போல, தண்ணீர் முழுக்க ஆயில் திட்டுத் திட்டாக மினுங்கிக்கொண்டிருந்தது.

“இந்த வாயிலதான வாரா வாரம் தண்ணி ஊத்துனீங்க?”

சிவசாமி கையிலிருந்த சாவியைத் துணியில் துடைத்தான்.

“எனக்கே தெரியுது. ஒங்களுக்குத் தெரியலையா?”

“தெரிஞ்சுது.”

“எப்ப?”

“ரெண்டாவது தடவ போனப்பவே.”

அவள் மறுபடி வாளிமேல் உட்கார்ந்தாள். அவன் ஆயிலைக் குளிர வைக்கும் சின்னப் பெட்டியைக் கழற்றினான். உள்ளே ஒரு பக்கம் ஆயில், மறுபக்கம் தண்ணீர், நடுவே மெல்லிய தகடு. ஒரு பக்கத்தை அடைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்து, வேறொரு வாளித் தண்ணீரில் அமுக்கினான். அடைக்காத பக்கத்திலிருந்து குமிழ் குமிழாக வந்தது. தகடு ஓட்டை. எஞ்சின் ஓடும்போது ஆயில் தண்ணீருக்குள் போயிருக்கிறது. நிறுத்திய பின் சூட்டில் பொங்கிய தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கியிருக்கிறது. அந்தக் கெட்ட ஆயிலில்தான் டர்போ சுழன்றிருக்கிறது. அதன் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். கடகடவென்று ஆடியது. அவன் முகம் செத்துப்போயிற்று.

“இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தா தாப்பாவுக்கு எறங்குற ரோட்டுல எங்கயாவது எஞ்சின் இறுகி நின்னிருக்கும்” என்றான், யாரிடமோ சொல்வது போல.

சாயங்காலம் நவமணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். பழுதைக் கேட்டுக்கொண்டவள், “முன்னாடியே கண்டுபிடிச்சிருக்க முடியாதா, சிவசாமி?” என்றாள்.

அவன் குனிந்து தரையில் கிடந்த திருகுகளைப் பொறுக்கினான். ஒரு வார்த்தை போதும், ருக்குமணி அவன் மானத்தைக் கப்பலேற்றியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் தெரிந்தும் இவன் ஏன் மறைத்தான் என்று நவமணி யோசிப்பாளே! யோசித்தால் புரிந்துவிடுமே! தன்னைப் பார்க்கத்தான் ஒருவன் மலை வளைவெல்லாம் சுற்றி வந்தான் என்ற நினைப்பை அவளுக்குக் கொடுக்க ருக்குமணிக்கு மனம் வரவில்லை.

“பொட்டிய கழட்டுனாத்தான் தெரியும், நர்ஸம்மா. இன்னைக்குத்தான் கழட்டுனாரு” என்றாள்.

நவமணி நன்றி சொல்லிவிட்டுப் போனாள். ராத்திரி சோறு போடும்போது அவன் மெல்ல ஆரம்பித்தான்.

“ஒண்ணும் நடக்கல, ருக்கு.”

“நடந்திருந்தா திட்டித் தீத்திருப்பேன். நடக்காதத என்னன்னு திட்டறது?”

ஈப்போவிலிருந்து பழைய சாமான் வாங்கி வந்து, எஞ்சினை அலசி, காரைச் சரிசெய்து கொடுத்தான். அவன் வேலை செய்த நேரமெல்லாம் ருக்குமணி பக்கத்திலேயே இருந்தாள். கேட்ட சாவியை எடுத்துக் கொடுக்கக்கூடப் பழகிக்கொண்டாள்.

அடுத்த வருஷம் ஈப்போவில் நவமணிக்குக் கல்யாணம் நடந்தது. இருவரும் போனார்கள். தாலி கட்டும் நேரத்தில் எல்லாரும் மேடையைப் பார்க்க, ருக்குமணி புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. பந்தியில் பாயசம் இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தான். நல்ல பசி போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள், நம்பத்தான் முடியவில்லை.