ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டுதான் இருந்தது

போன வருஷம் ஐப்பசி மாதம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த சமயம். கோயமுத்தூரில் சிங்காநல்லூர் பக்கம் ஒரு சின்ன அபார்ட்மென்ட்டில் முதல் மாடியில் குடியிருக்கிறோம். என் மனைவிக்கு மார்பில் கட்டி என்று ஆபரேஷன் முடிந்து, கீமோ மருந்து ஏறிக்கொண்டிருந்த நாட்கள் அவை. மகளுக்கு பெங்களூரில் வேலை. லீவு கிடைத்தபோதெல்லாம் வந்து போனாள். மற்றபடி வீட்டில் நாங்கள் ரெண்டு பேர்தான்.

நான் மோட்டார் பம்ப் செய்யும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அதுவரை காபியைத் தவிர வேறு எதையும் அடுப்பில் வைத்துப் பழக்கமில்லை. அவளுக்கு முடியாமல் போன பிறகுதான் கரண்டி பிடித்தேன். மருந்தால் அவளுக்கு வாயெல்லாம் புண். எதையும் மெல்ல முடியாது. காரம் பட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஆனால் உடம்புக்குச் சத்து வேண்டும், கோழிக்கறி கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதனால் கொத்துக்கறியாகச் செய்யக் கற்றுக்கொண்டேன். எலும்பில்லாத கோழியைக் கடையில் கண் முன்னாலேயே அரைத்து வாங்கி, சின்ன வெங்காயம், மஞ்சள், துளி மிளகு, கடைசியில் கொஞ்சம் தேங்காய்ப்பால். அவ்வளவுதான். அவளுக்கு உள்ளே இறங்கிய ஒரே சாப்பாடு அதுதான்.

சமைப்பதைவிட வைத்துக் கொடுப்பதில்தான் ஜாக்கிரதை வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு விஷயம் பார்க்கும் மேடம் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். கீமோ போகிறவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி இறங்கிவிடும், நமக்கு வெறும் வயிற்றுப்போக்கோடு போவது அவர்களை ஐசியூவில் கொண்டுபோய் விட்டுவிடும் என்றார். அரைத்த கறி என்றால் வெளியே இருக்கும் கிருமி உள்ளே எல்லாம் கலந்திருக்கும், அதனால் எங்கேயும் சிவப்பு தெரியாமல் நன்றாக வேகவேண்டும். வெந்ததைச் சட்டியோடு மூடி வைக்கக் கூடாது. தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டு, ஒரு வேளைக்கு ஒன்றாகச் சின்ன டப்பாக்களில் போட்டு உடனே குளிரில் வைத்துவிட வேண்டும். எப்படிப் பார்த்தாலும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. ரெண்டு மூணு நாளைக்குள் சாப்பிடுவது கீழ்த்தட்டில், மிச்சம் ஃப்ரீசரில். சூடு பண்ணும்போது நடுவிலும் கொதி வந்து ஆவி பறக்க வேண்டும். ஒரு தடவை சூடு பண்ணியது மீந்தால் திரும்ப உள்ளே போகக் கூடாது.

நான் இதையெல்லாம் ஒரு எழுத்து பிசகாமல் செய்தேன். டப்பா மேலே தேதி ஒட்டுவதுகூட உண்டு. ஃபேக்டரியில் நாற்பது பேரை மேய்க்கிறவர், ஃபிரிட்ஜை மேய்க்கிறீங்களாக்கும் என்று அவள் சிரிப்பாள். அவள் சிரித்தால் சரி என்று இருந்துவிடுவேன்.

அந்த மாதம் ஒரு கீமோவுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் உடம்பு கொஞ்சம் தேறி இருந்தது. கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் அவள் தங்கச்சி வீட்டுக்குப் போய் வரட்டுமா என்று டாக்டரிடம் கேட்டோம். கூட்டத்தில் போகாமல் காரில் போய்விட்டு வாருங்கள் என்றார். ஒரு வியாழக்கிழமை காலையில் கிளம்பினோம். திரும்பி வந்ததும் சிரமம் இருக்கக் கூடாது என்று முந்தின நாளே கொத்துக்கறி செய்து ஃப்ரீசரில் வைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்டினேன்.

தங்கச்சி எவ்வளவோ செய்து கொடுத்தாள். கஞ்சியைத் தவிர இவளுக்கு ஒன்றும் இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போது, அவினாசி தாண்டியிருப்போம், பின் சீட்டில் கண்ணை மூடிப் படுத்திருந்தவள் திடீரென்று பேசினாள்.

“ஏனுங்க, ஊட்டுக்குப் போனதீம் அந்தக் கொத்துக்கறிய கொஞ்சம் சூடு பண்ணிக் குடுங்க. திங்கோணும்போல இருக்குது.”

நோவு வந்ததிலிருந்து அவளாக வாய் திறந்து ஒரு சாப்பாட்டைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் வண்டியைக் கொஞ்சம் வேகமாகவே விரட்டினேன்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. கை கால் கழுவிவிட்டு நேராக ஃப்ரீசரைத் திறந்தேன். டப்பா கல் மாதிரி இருந்தது. குளிர் முகத்தில் அடித்தது. சட்டியில் போட்டு, ஒரு கரண்டித் தண்ணீர் விட்டு, மூடி வைத்துக் கிளறிக் கிளறிச் சூடு பண்ணினேன். நன்றாகக் கொதித்தது. வாசனையும் எப்போதும் போலத்தான் இருந்தது. குழைந்த சோற்றின் மேல் போட்டு அவள் முன்னால் வைத்தேன். ஆறட்டும் என்று அவள் ஸ்பூனால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அப்போது காலிங் பெல் அடித்தது.

திறந்தால் எதிர் வீட்டம்மா நிற்கிறார். அவர்களுக்கும் எங்களுக்கும் பேச்சு நின்று ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. கார் நிறுத்தும் இடத்தில் ஒரு தூண் சம்பந்தமாக ஆரம்பித்த தகராறு. அவர் வீட்டுக்காரரும் நானும் அசோசியேஷன் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வார்த்தையை விட்டுவிட்டோம். அதற்கப்புறம் படியில் எதிரெதிரே வந்தால்கூட ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போவோம். போன் நம்பரைக்கூட அழித்தாயிற்று.

சர்ச்சுக்குப் போன பட்டுச் சேலையோடு, கைப்பையைக்கூட வைக்காமல் வந்திருந்தார். படி ஏறியதில் மூச்சு வாங்கியது.

“ஏனுங்ணா, தப்பா நெனைக்காதீங்க. ஒன்னே ஒன்னு சொல்லிப்போட்டுப் போயிடறேன். நீங்க ஊருக்குப் போன அன்னைக்கு ராத்திரி இடி மழைல உங்க ஊட்டு ட்ரிப் சுவிட்ச் உழுந்து கரண்டு நின்னுருச்சுங்க. ஃபிரிட்ஜுல இருக்கறத எடுத்துராதீங்க.”

நான் வாசலிலேயே நின்றுகொண்டு, ஃபிரிட்ஜ் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்றேன். உள்ளே வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

“ஓடுமுங்க. நேத்து சாயங்காலத்துல இருந்து ஓடுது. அதுக்கு முன்னாலதான் ஓடலீங்க.”

பிறகு நடந்ததைச் சொன்னார். ஊருக்குப் போனால் நாங்கள் வராந்தா விளக்கைப் போட்டுவிட்டுப் போவது வழக்கம். வெள்ளிக்கிழமை அது எரியவில்லை. மறந்திருப்போம் என்று விட்டிருக்கிறார். சனிக்கிழமையும் இருட்டாக இருக்கவே, வீட்டுக்காரரைக் கீழே மீட்டர் போர்டைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். நம்ம கை வைத்தால் அதுக்கும் ஒரு சண்டை வரும் என்று அவர் தயங்கியிருக்கிறார். இந்தம்மா விடாமல் சுவிட்சைப் போடவைத்திருக்கிறார். வியாழக்கிழமை ராத்திரி இடித்த இடியில்தான் விழுந்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் புரிந்ததாம். நாங்கள் வந்ததும் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார்களாம். காலையில் சர்ச்சுக்குப் போனவர்கள் திரும்புவதற்குள் நாங்கள் வந்துவிட்டோம். திரும்பி வந்தவர் கீழே எங்கள் காரைப் பார்த்ததும் ஓடி வந்திருக்கிறார்.

“அக்காளுக்கு ஒடம்பு முடியாதப்ப, தெரியாம எதையாச்சும் குடுத்துப்போடுவீங்களோன்னுதான் பயமாப் போச்சுங்க.”

அவளுக்கு உடம்பு முடியவில்லை என்று அபார்ட்மென்ட்டில் யாரிடமும் நாங்கள் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. திரும்பி ஓடினேன். ஸ்பூன் அவள் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது.

“பொறும்மா. வாயில வெக்காத.”

அவள் ஒன்றும் புரியாமல் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தேன். இந்தத் தடவை பார்க்கிற மாதிரி பார்த்தேன். கீழ்த்தட்டில் பால் பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருந்தது. சுவரில் படிந்திருந்த ஐஸ் உருகி வழிந்து ஃப்ரீசர் தரையில் பாளமாக உறைந்திருந்தது. மிச்சமிருந்த டப்பா ஒன்றின் மூடி ஓரத்தில் குழம்பு கசிந்து கட்டியாகியிருந்தது. கொஞ்ச நேரம் முன்னால் இதே கதவைத்தான் திறந்தேன். குளிர் முகத்தில் அடித்ததும் மனசு திருப்தியாகிவிட்டது, கண் எதையும் பார்க்கவில்லை.

அப்படியும் மனசு கேட்கவில்லை. அவள் ஆசையாகக் கேட்ட சாப்பாடு. நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டோமே, கிருமி செத்திருக்காதா என்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். டூட்டியில் இருந்த சிஸ்டர் முழுசாகக் கேட்டுக்கொண்டு, வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கறி உருகி அறைச் சூட்டில் கிடந்த நேரத்தில் சில கிருமிகள் விஷத்தைக் கக்கி வைத்துவிடும், கிருமி கொதியில் செத்தாலும் அந்த விஷம் போகாது, மறுபடி உறைந்ததால் பழையபடி நல்லதாகிவிடவும் செய்யாது. வாசனை பார்த்தோ ருசி பார்த்தோ கண்டுபிடிக்கவும் முடியாது என்றார். அவள் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கிற நிலைமையில் ஒரு வாய்கூட ஆபத்து, எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள் என்றார்.

நான் தட்டை எடுத்தேன். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. வலிக்கெல்லாம் அழாதவள், ஒரு தட்டுச் சோற்றுக்கு அழுதாள்.

எதிர் வீட்டம்மா வாசலில் இருந்தபடி அதைப் பார்த்துவிட்டார். அக்காளுக்குப் பச்சை மிளகாய் ஆகுமா என்று மட்டும் கேட்டார். ஆகாது என்றேன். போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் எதிர் வீட்டில் குக்கர் விசில் கேட்டது. அப்புறம் பார்த்தால், சேலைகூட மாற்றாமல், ரெண்டு கையிலும் துணியைப் பிடித்து அந்தக் குக்கரையே தூக்கிக்கொண்டு வருகிறார். அவர் வீட்டுக்காரர் பின்னாலேயே நெய்க் கிண்ணத்தோடு.

“அரிசிம்பருப்புங்க. இப்ப எறக்குனது, மூடிகூடத் தொறக்கலீங்க. நீங்களே தொறந்து குடுங்க.”

என் மனைவி முன்னால்தான் மூடியைத் திறந்தேன். ஆவி எழுந்தது. அரிசியும் பருப்பும் சேர்ந்து நன்றாகக் குழைந்திருந்தது. நெய் விட்டதும் வாசனை வீடெல்லாம் பரவியது. அவள் ஒரு வாய் வைத்தாள், இன்னொரு வாய் வைத்தாள். பாதித் தட்டு சாப்பிட்டாள். எதிர் வீட்டம்மா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு நீங்கள் படியேறின அன்றைக்கே எனக்குத் தெரியும், எங்கள் பெரியம்மாவுக்கு இப்படித்தான் இருந்தது, கேட்க வாய் வரவில்லை, ஜெபத்தில் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றார். என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் அவர் வீட்டுக்காரரும் மழையைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம். தூணைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, இன்றைக்கு வரைக்கும் பேசவில்லை.

அடுத்த கீமோவுக்குப் போனபோது அந்தச் சாப்பாட்டு மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். நல்லவேளை என்றவர், ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். ஒரு டம்ளரில் தண்ணீரை உறையவைத்து அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட வேண்டும். ஊரிலிருந்து வந்து பார்க்கும்போது நாணயம் ஐசுக்குள் இறங்கியிருந்தால், நடுவில் கரண்ட் நெடுநேரம் நின்றிருக்கிறது என்று அர்த்தம். இப்போது எங்கள் ஃப்ரீசரில் அது இருக்கிறது. இருந்தாலும் ஊருக்குப் போனால் வீட்டுச் சாவியை எதிர் வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் போகிறோம்.

கடவுள் புண்ணியத்தில் மருந்தெல்லாம் முடிந்துவிட்டது. முடி வளர்ந்து, இப்போது காது வரைக்கும் வந்திருக்கிறது. கொத்துக்கறியில் மிளகு பத்தவில்லை என்று குறை சொல்கிற அளவுக்கு நாக்கும் திரும்பிவிட்டது. அவளைப் பிழைக்க வைத்தவர்கள் என்று டாக்டர்களை நினைக்கும்போதெல்லாம், எங்கள் ரெண்டு பேரின் கணக்கிலும் பட்டுச் சேலையோடு மூச்சு வாங்க நின்ற அந்த முகமும் சேர்ந்துதான் வருகிறது. நான் எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தேன். ஆனால் எனக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் கௌரவம் பார்த்து வீட்டுக்குள்ளேயே இருந்திருந்தால் நான் என் கையாலேயே அதை ஊட்டியிருப்பேன். அதனால் இப்போதெல்லாம் யார் கதவைத் தட்டினாலும், என்ன விஷயம் என்று கேட்பதற்கு முன்னால், முதலில் உள்ளே வாங்க என்று சொல்லிவிடுகிறேன்.