மதில் தாண்டி வந்த சீலாத் துண்டு

கப்பல்காரன் ரெக்சன் வீட்டில் தினமும் சீலா மீன் பொரிக்கிறார்கள் என்று எங்கள் தெருவில் அப்போது ஒரு மாதமாகப் பேச்சு. ரெக்சனுக்குப் பதினோரு மாதமாகச் சம்பளம் இல்லை. வளைகுடாவில் ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே கப்பலை நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டு முதலாளி காணாமல் போய்விட்டார். ஒன்பது பேர் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படியிருக்க இங்கே சீலா எப்படி வரும்? யார் கொடுக்கிறார்கள்? எதற்காகக் கொடுக்கிறார்கள்? இந்த மூன்றாவது கேள்விக்கு வரும்போது எல்லோரும் நாகரிகமாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

பேச்சைத் தொடங்கிவைத்தவர் மளிகைக்கடை ராஜதுரை அண்ணாச்சி. வீட்டிலிருந்து வரும், தன் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டு டப்பாப் படத்தை ரெக்சன் தினமும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவான். அண்ணாச்சி கடை திறந்து பத்தி கொளுத்தியதும் அதைத்தான் பார்ப்பார்.

"பாரும், துண்டு எம்புட்டு மொத்தம்! எங்க வீட்லயுந்தான் சீலா வாங்குதோம், இந்த முறுவல் வருதா? சம்பளம் வராதவன் வீட்டுல இவ்வளவு பவுசு. என்னமோ இருக்கு. நீரு பத்திரிகைக்காரருல்லா, போயி விசாரியும்."

விசாரித்தேன். அண்ணாச்சி சொன்னது உண்மை. ரெக்சன் வீட்டுக்குச் சீலா வரத்தான் செய்தது. காலை ஆறே முக்காலுக்கு வரும். ஏழு மணிக்குள் போய்விடும்.

ரெக்சனின் மனைவி ஜெமிமா ஐந்து மணிக்குக் குசினியில் விளக்கைப் போடுகிறாள். ரேஷன் அரிசியை வாடை போகக் கழுவி உலை வைக்கிறாள். பின்னால் நிற்கும் முருங்கையில் கீரை ஒடித்துப் பொரியல், ஒரு சில்லு தேங்காயில் துவையல், தெளிந்த ரசம். வசதியானவர்கள் டாக்டருக்குப் பணம் கட்டி எழுதி வாங்கிவருகிற அதே பத்தியத்தை இந்த வீட்டில் இலவசமாக, வேறு வழியில்லாமல் சாப்பிடுகிறார்கள். பள்ளிக்கூடமும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது: மதிய டப்பாவில் இரண்டு காய், ஒரு பழம், மீன் அல்லது முட்டை இருந்தால் நல்லது. இருந்தால் நல்லதுதான் என்று ஜெமிமாவும் ஒப்புக்கொள்கிறாள்.

ஆறே முக்காலுக்குப் பக்கத்து வீட்டுச் செல்லக்கனி, சுடச்சுடப் பொரித்த ஒரு துண்டைச் சின்னப் பீங்கான் தட்டில் வைத்து மதிலுக்கு மேலாக நீட்டுவாள். ஜெமிமா அதை வாங்கிச் சோற்றின் மேல் படுக்கவைப்பாள். எட்டாம் வகுப்பு அனிஷா ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுப்பாள். படம் கடல் தாண்டிப் போகும், துண்டு மதில் தாண்டிப் போகும்.

மீன் படுத்த இடத்தில் சோற்றில் ஒரு சிவப்பு எண்ணெய்த் தடம் மிஞ்சும். திங்கள்கிழமை அது அனிஷாவின் டப்பாவுக்கு, புதன்கிழமை தம்பி ஷாமுக்கு. ஷாம் இரண்டாம் வகுப்பு. முறை மாறினால் அழுவான்.

செல்லக்கனி யார் என்று சொல்ல மறந்துவிட்டேன். ராஜதுரை அண்ணாச்சியின் மனைவி. காலையில் செல்போனில் பார்த்துப் பெருமூச்சு விடும் அதே துண்டைத்தான் அண்ணாச்சி மதியம் கடையில் வைத்து, "இதெல்லாம் ஒரு பொரிப்பா" என்று சாப்பிடுகிறார்.

இவ்வளவு பாடு எதற்கு? சம்பள பாக்கி ஏதும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஊருக்கு அனுப்பிவைப்பதாக ஏஜென்ட் ஒருவன் அந்தக் கப்பலில் ஒரு தாளோடு ஏறி இறங்குகிறான். வீட்டில் வெறும் சோறு என்று தெரிந்தால் ரெக்சன் அன்றைக்கே போட்டுவிடுவான். அந்தப் பதினோரு மாதச் சம்பளத்தை நம்பித்தான் நகை அடகுக்கடையில் இருக்கிறது, அனிஷா பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். ஜெமிமா இறால் கம்பெனியில் தலை கிள்ளப் போகிறாள். நாள் முழுக்க அவள் கையில் இறால்தான், வீட்டுக்கு வருவது வாடை மட்டும்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆனால் கப்பலில் வேலையில்லாத மனிதனுக்குப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைத் தவிர வேறென்ன இருக்கிறது? ஒரு வியாழக்கிழமை காலையில் குரல் செய்தி வந்தது.

"ஏளா, செவ்வாயும் வெள்ளியும் மட்டும் டப்பால முட்டையா இருக்கு. என்ன விசயம்? வெள்ளிக்கிழம நமக்குக் கறிதான கிடையாது, மீனுக்கு என்ன வந்துச்சு? நாளைக்கு வீடியோல வா. பிள்ளைய சாப்பிடுதத நான் பாக்கணும்."

செவ்வாயும் வெள்ளியும் செல்லக்கனி வீட்டில் மீன் சேர்ப்பதில்லை. அந்த இரண்டு நாளும் ஜெமிமா சொந்த முட்டை ஒன்றை அவித்து, பாதி பாதியாக வெட்டிப் படமெடுப்பாள். பிள்ளைகள் அதைச் சாப்பிடவும் செய்வார்கள். மீன் இல்லாத நாள்தான் அந்த வீட்டில் விசேஷம். இத்தனை கவனமாக இருந்தவள் அண்டை வீட்டு விரதத்தையும் சேர்த்துக் கடன் வாங்கிவிட்டதைக் கவனிக்கவில்லை.

ஜெமிமா விஷயத்தைச் சொன்னதும், வியாழன் மதியம் செல்லக்கனி தன் பங்குத் துண்டைத் தின்னாமல் எடுத்து வைத்து, சாயங்காலம் அதே பீங்கான் தட்டில் மதிலுக்குக் கொண்டுவந்தாள்.

"நாளைக்கு இத எங்க வீட்டுக்குத் திருப்பிக் கொண்டாந்துராதளா, வெள்ளிக்கிழம. சனிக்கிழம வேற துண்டு வாங்கிக் குடு, போதும்."

வந்த மீன் முதல் தடவையாக அந்த வீட்டில் ராத்தங்கியது.

வெள்ளி காலை ஏழேகாலுக்கு ரெக்சன் அழைத்தான். முகத்தைக் காட்டவில்லை. கேமராவைக் கடல் பக்கம் திருப்பி வைத்திருந்தான். ஜெமிமா டப்பாவைக் காட்டினாள்.

"பாத்தேன். ஷாம், மீன எடுத்துத் தின்னுல. அப்பா பாக்கேன்."

ஷாம் தொடவில்லை.

"தின்னுல. ஏன் முழிக்க?"

ஷாம் அம்மாவைப் பார்த்தான். "தின்னுரவாம்மா? அப்பம் செல்லக்கனி அத்தைக்கு எதக் குடுப்ப?"

போனில் கடல் ஒரு முறை சாய்ந்து நிமிர்ந்தது.

"தின்னுல மக்கா," என்றான் ரெக்சன். "நான் சொல்லுதேன்."

ஓரத்து முறுவலை முதலில், பிறகு தோலை, பிறகு சதையை, கடைசியில் நடுமுள்ளைக் கடித்து உறிஞ்சி. பாதியை அக்காவுக்குப் பிய்த்துக் கொடுக்க வேண்டும் என்பது முள் மட்டும் மிஞ்சியபோதுதான் ஷாமுக்கு நினைவு வந்தது. அனிஷா அப்பாவுக்குத் தெரியும்படி போனை அசையாமல் பிடித்திருந்தாள்.

"கையெழுத்து மட்டும் போட்றாதீங்க," என்றாள் ஜெமிமா. "நாங்க நல்லாத்தான் இருக்கோம்."

மதியம் அவள் இறால் கம்பெனியில் இருந்தபோது ஒற்றை வரியில் செய்தி வந்தது. போட்டுவிட்டானாம்.

இது நடந்து இரண்டு மாதமாகிறது. தாளை வாங்கிக்கொண்ட ஏஜென்ட், மாற்று ஆள் வந்து ஏறினால்தான் இவர்கள் இறங்கலாம், துறைமுகத்துச் சட்டம் அப்படி என்கிறான். அந்தக் கப்பலில் எவன் வந்து ஏறுவான்? ரெக்சன் அங்கேயேதான் இருக்கிறான். முன்பு சம்பளத்துக்காகக் காத்திருந்தான். இப்போது அதுவும் இல்லாமல் காத்திருக்கிறான். அடுத்த கல்வியாண்டுக்கு அனிஷாவின் பெயரைப் பள்ளிக்கூடத்தில் இன்னும் எழுதவில்லை. ஜெமிமா இப்போதும் ஐந்து மணிக்கு எழுந்து சமைக்கிறாள், இப்போதும் படம் அனுப்புகிறாள். துவையல், கீரை, சோறு. ரெக்சன் அதை ஸ்டேட்டஸில் போடுவதில்லை.

"என்னவே, கப்பல்காரன் வீட்டுச் சீலாவக் காணோம்?" என்று அண்ணாச்சி கேட்டார். "கொடுத்தவன் கைய விரிச்சுட்டான் போல. நீரு விசாரிச்சீரா இல்லியா?"

விசாரித்தேன் என்றேன். இதை எழுதுவதில் பயமில்லை. அண்ணாச்சி இந்தப் பத்திரிகையில் கடுகும் மிளகும் மடித்துத் தருவாரே தவிர, படிக்கமாட்டார்.

செல்லக்கனி மட்டும் மதிலருகே நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். "போட்டும்ளா. பிள்ள வயித்துக்குத்தான போச்சு. தட்டையாவது குடு."

"வெறுந்தட்டையா குடுக்கச் சொல்லுதிய?" என்றாள் ஜெமிமா. "வாங்கிக் குடுத்துருவேன்க்கா."

கால் கிலோவுக்குக் குறைத்துச் சீலா கேட்டால் மீன்காரி மேலும் கீழும் பார்ப்பாள். அந்தப் பீங்கான் தட்டு ஜெமிமாவின் குசினி அலமாரியில் கழுவிக் கவிழ்த்தபடி இருக்கிறது. ஒரு துண்டு சீலா, பொரித்தது, செல்லக்கனிக்கு இன்னும் பாக்கி.