உப்பளத்தில் மிதந்த மஞ்சள் கல்

என் அப்பாவுக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. மரக்காணம் உப்பளத்தில் உப்பு விளையும் அளவுக்குத் தண்ணீர் முற்றிவிட்டதென்று யார் சொன்னாலும் நம்ப மாட்டார். பாத்தியில் முட்டையைப் போட்டு, அது மிதந்தால்தான் தலையாட்டுவார்.

எழுபதுகளில் அவருடைய தங்கைக்கு, அதாவது என் அத்தைக்கு, கீழ்புத்துப்பட்டில் மாப்பிள்ளை நிச்சயமானது. ஆரோவில்லில் கொத்து வேலை. வெள்ளைக்காரர்களோடு பழகுகிறவர் என்பதே அப்பாவுக்கு உறுத்தல். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை அத்தைக்கென்று புளியங்கொட்டை அளவில் ஒரு மஞ்சள் கல்லைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"அம்பருங்க. எங்க மேடம் குடுத்தாங்க. அவங்க ஊரு கடலோரம் ஒதுங்குமாம். மரத்துப் பிசினு, மண்ணுக்குள்ள ரொம்ப காலம் கெடந்து கல்லாயிடுச்சாம்."

அவர் தலை மறைந்ததும் அப்பா ஆரம்பித்துவிட்டார். பிசின் எங்கேயாவது கல்லாகுமா? கல் கரை ஒதுங்குமா? "நம்ம காதுல பூ சுத்திட்டுப் போறான். இது பிளாஸ்டிக்."

அப்பா வெளியே போனதும் அத்தை கல்லைச் சொம்புத் தண்ணீரில் போட்டு எனக்குக் காட்டினாள். முங்கியது. "பார்த்தியாடி, கல்லுதான்" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

மறுநாள் அப்பா எங்கள் இருவரையும் உப்பளத்துக்கே கூட்டிப்போய், முற்றிய தண்ணீர் நின்ற பாத்தியில் அந்தக் கல்லைப் போட்டார். அடப்பாவமே, முட்டையைப் போலவே மிதந்தது.

"கல்லுன்னா முங்கணுமா இல்லையா? இதுலயே பொய் சொல்றவன், கட்டிக்கிட்டப்புறம் என்னென்ன சொல்லுவான்?"

"வூட்ல முங்குச்சிண்ணா! இவளே பார்த்தா, கேளு."

அப்பா என்னை முறைத்தார். "தெரியலப்பா" என்றேன். கல் திரும்பிப் போனது, கல்யாணமும் நின்றது. அத்தையைத் திண்டிவனத்தில் ஒரு அரிசி மண்டிக்காரருக்குக் கொடுத்தார்கள்.

பல வருடம் கழித்துப் பாண்டிச்சேரி நகைக்கடையில் ஒருவர் அம்பர் மாலையைக் காட்டி விளக்கினார். அசல் அம்பர் நல்ல தண்ணீரில் முங்கும், உப்பை நிறையக் கரைத்த தண்ணீரில் மிதக்கும். போலி பெரும்பாலும் இரண்டிலுமே முங்கிவிடுமாம். முட்டையை மிதக்கவிட்டே பிழைத்த எங்களுக்கு அன்றைக்கு இது உறைக்கவில்லையே. அன்றைக்கே பஸ் பிடித்து அத்தை வீட்டுக்குப் போனேன். கல் அசல்தான், அவர் பொய் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்று அழுதேன்.

அத்தை அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"பொய்யாவே இருந்துட்டுப் போவட்டுமே. அந்தக் கல்லையாடி நான் கட்டிக்கப் போனேன்?"